அத்தியாயம் 5: எலும்பு, மூட்டு நோயாளருக்கு உதவும் இயன்மருத்துவ உதவியாளரைப் பயிற்றும் முறை

1. பயிற்சியின் அவசியம்

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலே தொடையெலும்பு முறிவுக்குச் சத்திரசிகிச்சை பெற்று, உள்ளே உலோகத் தண்டு பொருத்தப்பட்டு, சில நாட்களின் பின் சண்டிலிப்பாயிலுள்ள தம் வீட்டுக்குக் கொண்டுவரப்படும் ஒரு மூதாட்டியாருடைய சிகிச்சை அன்றோடு முடிந்துவிட்டதென்று குடும்பத்தவர் எண்ணுவது இயல்பே. எனினும், சத்திரவைத்தியர் சில மணி நேரத்திலே செய்துமுடித்த கருமத்தின் பயன், அம்மூதாட்டியார் மறுபடியும் கிணற்றடிக்கும் அடுக்களைக்கும் கோயில் வாயிலுக்கும் பிறர் துணையின்றி நடந்துசெல்லும் நாளிலேதான் பூர்த்தியாகின்றது. இடையிலே கழியும் மூன்று மாதமோ ஆறு மாதமோ ஆகிய நீண்ட காலத்தில், இன்று காலை எவ்வளவு மடக்கலாம், எவ்வளவு பாரம் ஊன்றலாம், எந்த நோவைப் பொறுத்துக்கொள்ளலாம், எந்த நோவைக் கண்டால் உடனே வைத்தியரை நாடவேண்டும் என்று எடுத்துச் சொல்வாரின்மையால், எலும்பு செவ்வையாகப் பொருந்தியிருந்தும் முழங்கால் விறைத்து, தொடை மெலிந்து, கட்டிலோடு ஒடுங்கிப்போனவர் நம் கிராமங்களிலே பலர்.

பட்டமோ தகைமைச் சான்றிதழோ பெற்ற இயன்மருத்துவர் தொகையிற் சிலரே. அவர்களும் பெரும்பாலும் பெரிய வைத்தியசாலைகளிலே கடமையாற்றுபவர்கள். நகரத்திலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீற்றர் தூரத்திலுள்ள சண்டிலிப்பாய்க்கு ஓர் இயன்மருத்துவர் வாரந்தோறும் வந்து வீடுவீடாகப் பார்த்தல் இயலாத காரியம். ஆதலால், அவர் வகுத்த சிகிச்சைத் திட்டத்தை அவருடைய மேற்பார்வையிலே நாடோறும் நிறைவேற்றவல்ல உதவியாளரைக் கிராமத்திலேயே தெரிந்தெடுத்துப் பயிற்றுதல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் இயன்மருத்துவர் சங்கம் 1967ஆம் ஆண்டில் இத்தகைய உதவியாளர் என்னும் பதவியை அங்கீகரித்து, மயாமியிலும் மினசோட்டாவிலும் கல்லூரிப் பயிற்சியைத் தொடக்குவிக்க, முதல் மாணாக்கர் 1969இல் பயிற்சி முடித்து வெளியேறினர். இயன்மருத்துவர் தொகை தேவைக்குப் போதாதிருந்தமையே அங்கும் இதற்கு முதற் காரணமாயிருந்தது.

ஆயினும், சுதேச இளைஞரை அவர்தம் மொழியிலேயே வைத்தியப் பணிக்குப் பயிற்றும் முன்மாதிரியைத் தேடி நாம் தூரதேசம் செல்லவேண்டுவதில்லை. சண்டிலிப்பாய்க்கு அயற்கிராமமாகிய மானிப்பாயிலே, 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1848ஆம் ஆண்டு முதலாக மாணாக்கரைச் சேர்த்து வைத்தியங் கற்பித்தார். முதலிலே ஆங்கிலத்திற் கற்பித்தவர், 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்து, ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலிய நூல்களைத் தம் மாணாக்கரோடு கூடித் தமிழிலே ஆக்கினார். 1873இல் தாயகம் திரும்புமுன் அறுபதுக்கு மேற்பட்ட சுதேச வைத்தியர்களை உருவாக்கினார். அங்கங்களின் அமைப்பைத் தமிழிலே கற்றவன் நோயாளியிடம் தமிழிலே கேட்கவும், அவர் கூறியதைத் தமிழிலே ஆராயவும், தமிழிலே பதியவும் வல்லவனாவான் என்பதை அந்த முயற்சி நிரூபித்தது. இந்நூல் விதந்துரைக்கும் பயிற்சியும் அவ்வழியையே பின்பற்றுகின்றது.

2. அதிகாரத்தின் எல்லை

பயிற்சியின் முதல் நாளிலேயே மாணாக்கர் தெளிந்துகொள்ளவேண்டியது, தம்மால் செய்யத்தக்கவை எவை, செய்யத்தகாதவை எவை என்பதே. நோயை நிர்ணயித்தல், சிகிச்சைத் திட்டம் வகுத்தல், பாரம் ஊன்றும் அளவை உயர்த்தல், மருந்து கூறல், பொருந்தாத மூட்டைப் பிடித்து இழுத்துச் சரிசெய்தல் ஆகிய இவை உதவியாளருக்கு உரியனவல்ல. திட்டத்திலுள்ள அப்பியாசங்களைச் செய்வித்தல், அளத்தல், நடை பழக்குதல், குடும்பத்தவருக்குக் கற்பித்தல், மாற்றங்களைக் குறித்து அறிவித்தல் ஆகிய இவை அவருக்கு உரியன. அயலவர் ஒருவர் வழியிலே மறித்து, “தம்பி, எனக்கும் இந்தத் தோள்மூட்டை ஒருக்கால் பாருமன்” என்று அன்போடு கேட்குமிடத்தும், “ஐயா, முதலிலை டொக்ரரிட்டைக் காட்டுங்கோ, அவர் எழுதித் தந்தால் நான் வந்து செய்து தாறன்” என்று மரியாதையோடு மறுமொழி கூறும் வழக்கத்தை மாணாக்கர் வகுப்பிலேயே பேசிப் பழகுதல் நன்று.

நாம் விதந்துரைக்கும் பயிற்சிக்காலம் 16 வாரம்: முதல் 4 வாரம் உடலமைப்பும் அளவையும், அடுத்த 4 வாரம் அப்பியாசங்களும் நடைப்பயிற்சியும், எஞ்சிய 8 வாரம் இயன்மருத்துவரோடு கூடி வைத்தியசாலையிலும் வீடுகளிலும் நோயாளரைப் பார்த்தல்.

3. தொட்டறிதலும் அளத்தலும்

அங்காதிபாதத்தைப் படத்திற் காட்டி மனனஞ் செய்விப்பதிலும், மாணாக்கரை இருவர் இருவராக அமர்த்தி, ஒருவர் சரீரத்தில் மற்றவர் எலும்பின் முனைகளைத் தொட்டுக் கண்டறியச் செய்வதே பயன் தருவது. தொடையின் வெளிப்புறத்தே மேலே தென்படும் புடைப்பு, முழங்காலின் வெளிப்புற எலும்புமேடு, கணுக்காலின் வெளிக்குமிழ் ஆகிய மூன்றையும் கண்மூடிய நிலையிலும் விரலாற் காணவல்லவரே கோணமானியைச் சரியாகப் பிடிக்கவல்லவர். கோணமானியின் மையம் முழங்காலின் வெளிமேட்டில் அமைய, ஒரு கை தொடைப் புடைப்பையும் மறு கை கணுக்குமிழையும் நோக்கி நிற்க, முழங்கால் மடங்கும் அளவு பாகையிலே கிடைக்கும்.

அந்த எண்ணின் பொருளையும் மாணாக்கர் அறிதல் வேண்டும். சமதரையில் நடப்பதற்கு முழங்கால் 60 முதல் 70 பாகை வரை மடங்கினாற் போதும். கதிரையிலிருந்து எழுவதற்கு 90க்குச் சற்று மேல் வேண்டும். குந்தியிருப்பதற்கோ 130க்கும் மேல் வேண்டும். ஆகவே, 95 பாகை மடங்கும் முழங்காலையுடைய ஒருவர் வைத்தியசாலைக் கணக்கிலே முன்னேறியவராயினும், குந்தும் மலசலகூடம் ஒன்றே உள்ள வீட்டில் இன்னும் பிறர் கையை எதிர்பார்ப்பவரே என்பதை உணர்ந்து, கொமட் கதிரை ஒன்றுக்கு ஏற்பாடு செய்யும்படி குடும்பத்தவருக்குச் சொல்லுதல் உதவியாளரின் கடமை.

தசையின் வலிமையை, பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே வகுத்த 0 முதல் 5 வரையுள்ள படிமுறையால் குறித்தல் வேண்டும். தசையில் அசைவே இல்லையாயின் 0. துடிப்பு மாத்திரம் தென்படின் 1. புவியீர்ப்பு நீக்கிய நிலையில் அசையின் 2. புவியீர்ப்புக்கு எதிராக அசையின் 3. ஓரளவு தடையை வெல்லின் 4. இயல்பான வலிமையாயின் 5. நோவையும் 0 முதல் 10 வரை நோயாளரே மதிப்பிட்டுக் கூறும்படி கேட்டல் வேண்டும். “ஆச்சி, நேற்றைக்கு ஆறு எண்டு சொன்னனீங்கள், இண்டைக்கு எத்தினை?” என்று கேட்கப்படும் மூதாட்டியார் தம் நோவைத் தாமே அவதானிக்கத் தொடங்குவார், அவ்வவதானம் சிகிச்சையின் பாதி.

4. எலும்பு பொருந்தும் காலம்

முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைந்து, அதனிடையே மிருதுவான இழையம் தோன்றி, அது படிப்படியாகச் சுண்ணாம்பேறிக் கடினமாகி, பின்னர் பல மாதங்களாகத் தன் பழைய வடிவத்தை நோக்கித் திருந்திக்கொள்கின்றது. மேசன் கட்டிய சுவரிலே சாந்து இறுகுமுன் பாரம் ஏற்றுவார் எவருமில்லை. எலும்பு விடயத்திலும் அவ்வவசரமின்மை வேண்டும். இலண்டன் பேராசிரியர் ஜோர்ஜ் பேர்க்கின்ஸ் கற்பித்த எளிய கணக்கொன்று மாணாக்கருக்குப் பயன்படும்: கையெலும்பின் திருகுமுறிவு பொருந்துவதற்கு ஏறத்தாழ 3 வாரமும், உறுதிப்படுவதற்கு அதன் இரட்டியாகிய 6 வாரமும் வேண்டும், காலெலும்பாயின் அதுவும் இரட்டித்து 12 வாரமாகும், குறுக்குமுறிவாயின் மீண்டும் இரட்டிக்கும். இது உத்தேசக் கணக்கேயாகும். பாரம் ஊன்றலாமா என்பதைத் தீர்மானிப்பவை எக்ஸ்றேப் படமும் சத்திரவைத்தியரின் வாக்குமே.

யாழ்ப்பாணத்திலே முறிவு நெரிவு வைத்தியம் பரம்பரையாக வழங்கிவருவது. புக்கை கட்டி, மட்டை வைத்துக் கட்டும் அவ்வைத்தியரிடம் மக்களுக்குள்ள நம்பிக்கை பெரிது. அந்நம்பிக்கையை இகழ்ந்து பேசும் உதவியாளருக்கு வீட்டார் உண்மையை மறைப்பர், ஆதலால், “வேறை எங்கையும் கட்டினனீங்களோ?” என்று இயல்பாகக் கேட்டு, கூறுவதைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். கட்டியவர் எவராயினும், கட்டு மட்டையாயினும் பிளாஸ்ரராயினும், கவனிக்கவேண்டியவை ஐந்து: விரல்களின் நிறம், சூடு, வீக்கம், தொடுவுணர்ச்சி, அசைவு. இறுகக் கட்டிய அவயவத்திலே இரத்தவோட்டம் தடைப்பட்டு, தசை இறந்து, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும் விபரீதத்தை 1881இல் ஜேர்மன் சத்திரவைத்தியர் றிச்சார்ட் பொன் வொல்க்மன் விவரித்தார். முழங்கையருகே முறிந்த பிள்ளையொன்று ஓயாமல் அழுது, அதன் விரல்களை மெல்ல நீட்டும்போது வீரிடுமாயின், அதைப் பிடிவாதமென்று கருதாது அந்நேரமே வைத்தியசாலைக்கு அனுப்புதல் வேண்டும்.

5. நான்கு நோயாளர், நான்கு பாடங்கள்

மணிக்கட்டு முறிவு. வழுக்கி விழுந்து கையூன்றும் முதியவர்க்கு நேரும் இம்முறிவை டப்ளின் நகரத்துச் சத்திரவைத்தியர் ஆபிரகாம் கொலிஸ் 1814இல் விவரித்தமையால், அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. பிளாஸ்ரர் இருக்கும் ஏறக்குறைய 6 வார காலத்திலும் விரல்கள், முழங்கை, தோள் ஆகியவை சும்மா இருத்தலாகாது. கையைத் தூக்குப்பட்டியில் இட்டுவைத்துத் தோளையே அசைக்க மறந்தவர், மணிக்கட்டு மாறிய பின்னர் தோள் இறுகித் துன்புறுவர்; நீரிழிவுள்ளவர் இவ்விடயத்தில் இரட்டிப்பு எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். மணித்தியாலத்துக்கொருமுறை விரல்களை முழுதும் மடக்கி நீட்டுதலும், நாளுக்கு மூன்று முறை கையைத் தலைக்குமேல் உயர்த்துதலும் போதிய தொடக்கம். பிளாஸ்ரர் நீக்கியபின் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் அசைவே தாமதித்து மீள்வது. ஐயர் கையிலிருந்து திருநீறு ஏற்பதும், சோற்றைக் குழைத்து வாய்க்கு எடுத்துச் செல்வதும் அவ்வசைவாலேயே கூடுமாதலின், அவற்றையே அப்பியாசத்தின் இலக்காக நோயாளருக்குக் காட்டுக.

இடுப்பு முறிவு. இங்கே முதல் எதிரி படுக்கை. சத்திரசிகிச்சையின் பின் வைத்தியர் அனுமதித்த முதற் பொழுதிலேயே எழுப்பி இருத்துதல், கணுக்காலை மேலும் கீழும் அசைப்பித்தல், ஆழ்ந்து மூச்செடுப்பித்தல், எழ இயலாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்தல் ஆகிய இவை உயிர் காக்கும் கருமங்கள். செயற்கை இடுப்புமூட்டைப் பின்புற வழியாகப் பொருத்தியவர்க்கு இன்னும் மூன்று விலக்குகள் உண்டு: இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கலாகாது, காலை மறுகாலின் குறுக்கே போடலாகாது, பாதத்தை உட்புறமாகத் திருப்பலாகாது. பாயில் இருத்தல், தாழ்ந்த திருவலையிற் குந்தித் தேங்காய் திருவுதல், சம்மணங் கட்டுதல் மூன்றும் இவ்விலக்குகளுக்குள் அடங்குவனவாதலால், விலக்குகளைப் பொதுவாகக் கூறாது, அவ்வீட்டின் கருமங்களோடு பொருத்தியே கூறவேண்டும்.

முழங்கால் தேய்வு. இந்நோயாளருக்கு ஓய்வைவிட அப்பியாசமே ஔடதம் என்பதை முதலில் நம்பச் செய்தல் வேண்டும். உருட்டிய துவாயை முழங்காலின் கீழே வைத்து, “முழங்காலைக் கட்டிலோடை அமத்துங்கோ, அஞ்சு எண்ணும்வரைக்கும் விடாதேங்கோ” என்று தொடங்கி, பத்து முறை செய்வித்தல் முதற்படி; முழங்காலை மடக்காமல் காலை உயர்த்துதல் அடுத்தபடி; கையூன்றாது கதிரையிலிருந்து எழுந்திருத்தல் மூன்றாம்படி. பாரம் சேர்க்கவேண்டிய கட்டத்தில் விலைகூடிய உபகரணம் எதுவும் தேவையில்லை. ஒன்றரை லீற்றர்ப் போத்தலில் நிரப்பிய தண்ணீர் 1½ கிலோகிராம் நிறையுள்ளது. நிறுத்தெடுத்த மணலைச் சீலைப்பையில் தைத்துக் கணுக்காலிற் கட்டினும் அமையும். அமெரிக்க வைத்தியர் தோமஸ் டிலோம் 1940களிலே போர்வீரரின் முழங்கால்களைத் தேற்றியபோது வகுத்த முறையாவது: ஒருவர் பத்து முறை மாத்திரம் தூக்கவல்ல நிறையைக் கண்டு, அதன் பாதியோடு பத்து முறையும், முக்காலோடு பத்து முறையும், முழுநிறையோடு பத்து முறையும் தூக்குவித்தல். அப்பியாசத்தால் எழுந்த நோவு மறுநாட் காலையிலும் தணியாதிருப்பின் நேற்றைய அளவு மிகையென்றறிந்து, திட்டத்துக்குட்பட்ட முந்திய படிக்குத் திரும்பி, அதனைக் குறித்து வைக்க.

கால் நீக்கப்பட்டவர். யுத்தமும் மிதிவெடியும் நீரிழிவும் நம் பிரதேசத்திலே பலருடைய கால்களைக் கொண்டுபோயின. ஜெய்ப்பூரிலே கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் சத்திரவைத்தியர் பி. கே. சேத்தியும் 1960களின் பிற்பகுதியில் ஆக்கிய செயற்கைப் பாதம், சப்பாத்தின்றி நடக்கவும், சேற்றில் இறங்கவும், குந்தியிருக்கவும் இடங்கொடுத்தமையால் நம் வாழ்க்கைக்கு ஏற்றதாயிற்று. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் 1980களின் பிற்பகுதி முதலாக இப்பணியை ஆற்றிவருகின்றது. ஆனால், பாதம் பொருத்தும் நாள் வருமுன்னரே முழங்கால் மடங்கி இறுகிப்போயிருப்பின் எத்துணைச் சிறந்த செயற்கைக்காலும் பயன்படாது. எஞ்சிய காலின் கீழே தலையணை வைப்பது அன்பினாற் செய்யும் அபகாரம். நாடோறும் அரைமணி நேரம் குப்புறப் படுப்பித்தலும், கட்டுச்சீலையை வளையமாகச் சுற்றாது எட்டு என்னும் இலக்க வடிவிலே நுனியில் இறுக்கமாகவும் மேலே தளர்வாகவும் சுற்றுதலும் குடும்பத்தவர் கையிலேயே பழக்கப்படவேண்டியவை.

6. ஊன்றுகோலும் நடையும்

கமக்கட்டு ஊன்றுகோலின் மேல்முனைக்கும் கமக்கட்டுக்கும் இடையே இரண்டு மூன்று விரற்கிடை இருத்தல் வேண்டும். முழங்கை 20 முதல் 30 பாகை மடங்கி, பாரம் முழுவதும் உள்ளங்கையிலே தங்கவேண்டும். கமக்கட்டிலே தொங்குபவர்க்கு அங்குள்ள நரம்பு நசுங்கி மணிக்கட்டுத் தொய்ந்துவிடும். கைத்தடியின் பிடி, கையைத் தொங்கவிட்டு நிற்குமிடத்து மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்கு வருதல் நலம்; அதனை நோவுள்ள காலுக்கு எதிர்ப்புறக் கையிலே பிடித்தல் வேண்டும். விறாந்தைப் படியில் ஏறும்போது நல்ல காலும், இறங்கும்போது நோவுள்ள காலும் ஊன்றுகோலும் முந்துக.

நடைப்பயிற்சியைச் சீமெந்துத் தரையோடு நிறுத்துதல் போதாது. ஈரமான கிணற்றடி, கிடுகுவேலியோரத்து ஒழுங்கை, கோயில் வீதியின் மணல் ஆகியவற்றிலும் உதவியாளர் அருகே நின்று நடத்துவித்தல் வேண்டும். சீரணி நாகபூசணி அம்மன் கோயிலையோ கல்வளைப் பிள்ளையார் கோயிலையோ மறுபடி ஒருமுறை வலம்வரவேண்டும் என்று விரும்பும் முதியவருக்கு அவ்விருப்பமே சிறந்த இலக்கு. மணலில் தடி புதையுமென்பதால் அதன் நுனிக்கு அகன்ற இறப்பர்க் குமிழ் பொருத்துக. வலம்வருதல் இயன்றபோதும், விழுந்து கும்பிடுதலுக்கும் அங்கப்பிரதட்சணத்துக்கும் இயன்மருத்துவரின் அனுமதி வேண்டுமென்பதை முன்னரே சொல்லிவைத்தல் உதவியாளரின் பொறுப்பு.

7. அப்பியாசத்தை உடனே நிறுத்தவேண்டிய அறிகுறிகள்

பின்வருவனவற்றை மாணாக்கர் ஐயந்திரிபற அறிதல் வேண்டும்:

கெண்டைக்கால் ஒருபுறம் வீங்கி, சூடேறி, நொந்தால், உள்நாளத்திலே இரத்தம் உறைந்திருத்தல் கூடும். அதை ஒருபோதும் உருவலாகாது.

திடீரென மூச்சு முட்டி, நெஞ்சு நொந்தால், அவ்வுறைவு நுரையீரலை அடைந்திருத்தல் கூடும். 1990 என்னும் எண்ணுக்கு அழைத்து நோயாளர் காவுவண்டியை வருவிக்க.

முதுகு நோவுடையவருக்குச் சிறுநீர் அடைபட்டாலோ, இருக்கையைச் சுற்றி விறைத்தாலோ, இரு கால்களும் பலங்குன்றினாலோ, அந்நாளே வைத்தியசாலையை அடைதல் வேண்டும்.

மூட்டுச் சிவந்து சுடுவதோடு காய்ச்சலும் இருந்தால், சத்திரசிகிச்சைத் தையலிலிருந்து சீழ் வடிந்தால், கிருமித்தொற்றென்று ஐயுறுக.

இரவிலே உறக்கத்தைக் கெடுக்கும் நோவும் காரணமின்றி உடல் மெலிதலும் சேர்ந்து வருமாயின், அது எலும்புத் தேய்வென்று அமைந்துவிடாது வைத்தியருக்கு அறிவிக்க.

8. பதிவும் தேர்வும்

ஒவ்வொரு நோயாளருக்கும் ஒரு கொப்பி வேண்டும். திகதி, நோவின் எண், மூட்டின் பாகை, செய்வித்த அப்பியாசமும் முறையும், நோயாளர் தம் வாயாற் கூறியது, அடுத்த வரவு என்னும் ஆறும் ஒவ்வொரு நாளும் அதிற் பதியப்படுக. வாரத்துக்கொருமுறை இயன்மருத்துவர் அதனைப் பார்வையிட்டுக் கையொப்பமிடுதல் வேண்டும். “நல்லாயிருக்கிறார்” என்று எழுதுதல் பதிவாகாது. “எட்டாம் நாள் 70 பாகை, பதினைந்தாம் நாள் 85 பாகை” என்பதே பதிவு.

தேர்வு மூன்று பகுதியாக அமைதல் நலம். முதற் பகுதியில் மாணாக்கர் மூன்று மூட்டுகளை அளக்க, இயன்மருத்துவரின் அளவோடு 5 பாகைக்கு மேற்படாது ஒத்திருத்தல் வேண்டும். இரண்டாம் பகுதியில் நோயாளரின் வீட்டிலே, அவ்வீட்டிலுள்ள பொருள்களையே கொண்டு, திட்டத்திலுள்ள அப்பியாசங்களைக் குடும்பத்தவர் ஒருவருக்குக் கற்பித்துக் காட்டவேண்டும். மூன்றாம் பகுதியில், முழங்காலை மடக்கும்படி திட்டத்திற் கூறப்பட்டிருக்க, நோயாளரின் கெண்டைக்கால் வீங்கிச் சுடுவதாகவும், மகனோ “தூர இடத்திலையிருந்து வந்தனீங்கள், செய்துபோட்டுப் போங்கோ” என்று வற்புறுத்துவதாகவும் ஒரு நிலைமையைப் பரீட்சகர் நடித்துக் காட்டுக. அங்கே மாணாக்கர் அப்பியாசத்தை நிறுத்தி, காரணத்தை மகனுக்கு மரியாதையோடு விளக்கி, கொப்பியிலே எழுதி, இயன்மருத்துவருக்குத் தொலைபேசியில் அறிவித்து, நோயாளரை வைத்தியசாலைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தல் வேண்டும். முதலிரு பகுதிகளிலும் முழுப்புள்ளி பெற்று மூன்றாவதிலே தவறியவருக்குச் சான்றிதழ் வழங்காது மேலும் ஒரு மாதம் பயிற்சியளிக்க. கைத்திறமை நாளடைவிலே பெருகும். நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தும் துணிவோ, மேற்பார்வையாளர் அருகில் இல்லாத வீடுகளுக்குத் தனியே செல்லப்போகும் ஒருவரிடம் முதல் நாளிலேயே இருந்தாக வேண்டும்.